சும்மா இருந்த மனிதர்

போன வாரம் ஒரு நேயர் புலனத்தில் இப்படிக் கேட்டிருந்தார்: “காலை ஆறு மணிக்கே எங்களுக்குப் பாட்டுப் போட்டு எழுப்புகிறீர்கள். வேலை முடிந்து காரில் வீட்டுக்குப் போகும்போது நீங்கள் என்ன கேட்பீர்கள்?”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் எதுவும் கேட்பதில்லை. காதுக்கும் ஓய்வு வேண்டுமே! மீதி நாள்களில் டெபெஷ் மோட்.

பெயரைப் படித்ததும் உங்களில் பலர் “அது என்ன?” என்று கேட்பது எனக்குத் தெரிகிறது. எண்பதுகளில் இளைஞர்களாக இருந்த அப்பாக்களும் மாமாக்களும் லேசாகச் சிரித்துக்கொள்வதும் தெரிகிறது. எனக்கு அந்தக் குழுவை அறிமுகப்படுத்தியவர் அப்படி ஒரு சித்தப்பாதான். ஈப்போவில் அவர் வீட்டு அலமாரியில், இளையராஜா கசெட்டுகளுக்கு நடுவே ஒரு கறுப்பு அட்டை இருக்கும். அதன்மேல் ஒரே ஒரு சிவப்பு ரோஜா. “மற்றதையெல்லாம் எடு, அதை மட்டும் தொடாதே” என்பார். தொடாமல் இருப்பேனா?

அந்தக் குழுவின் நாற்பது ஆண்டுக் கதையை இன்று சொல்லப் போகிறேன். காரணம் இருக்கிறது. எங்கள் காலை நிகழ்ச்சிக் குழுவில் இருந்த ஓர் அண்ணன் அண்மையில் பணி ஓய்வு பெற்றார். அவரைப் பற்றி ஒரு காலத்தில் நான் கேட்ட கேள்வி ஒன்று இன்னும் என்னை உறுத்துகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாட்டு.

பெட்டிக்குள் அடங்கிய இசைக்குழு

இங்கிலாந்தில் எசெக்ஸ் வட்டாரத்தில் பசில்டன் என்றோர் ஊர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, லண்டன் மக்களைக் குடியமர்த்துவதற்காகத் திட்டம் போட்டுக் கட்டிய புது நகரம். 1980இல் அங்கே வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃபிளெட்சர் என்ற மூன்று இளைஞர்கள் கையிலிருந்த கிட்டார்களை ஓரம் கட்டிவிட்டு சிந்தசைஸர் பக்கம் திரும்பினார்கள். பாடுவதற்கு டேவ் கான் வந்து சேர்ந்தார். ஒரு பிரெஞ்சு நவநாகரிக இதழின் பெயரையே குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள்.

கோர் வங்கியில் வேலை பார்த்தார், ஃபிளெட்சர் காப்புறுதி நிறுவனத்தில். வேலை முடிந்ததும் சிந்தசைஸரைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிடலாம். டிரம் செட் கிடையாது, லாரி கிடையாது. மண்டபத்து ஒலிபெருக்கியில் செருகினால் கச்சேரி தயார்.

சிந்தசைஸரை எளிமையாகச் சொன்னால் இப்படி. வீணைக்குத் தந்தி வேண்டும், குழலுக்கு மூச்சு வேண்டும். இதற்கு மின்சாரம் போதும். கருவிக்குள் ஓர் அலை பிறக்கிறது. அதன் கூர்மையைக் குறைத்து, நீளத்தை மாற்றி, நாமே ஒரு குரலை உருவாக்கிக்கொள்ளலாம். அதோடு சீக்குவென்சர் சேர்ந்துவிட்டால், ஒருமுறை சொல்லிக் கொடுத்த சுரவரிசையைச் சலிக்காமல் திரும்பத் திரும்ப வாசிக்கும். இந்தக் கருவிகளை வைத்து மூன்று, நான்கு நிமிடப் பாப் பாடல் செய்ததுதான் சிந்த்-பாப்.

மியூட் நிறுவனத்தின் டேனியல் மில்லர் இவர்களுடன் கைகுலுக்கி ஒப்பந்தம் போட்டார். காகிதம் இல்லை, கையெழுத்து இல்லை. லாபத்தில் பாதிக்குப் பாதி என்பது வாய்ப்பேச்சு. 1981இல் முதல் ஆல்பம் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’ வந்தது. அதில் இருந்த ‘ஜஸ்ட் காண்ட் கெட் இனஃப்’ பிரிட்டன் தரவரிசையில் எட்டாம் இடம் பிடித்தது. இன்றும் காற்பந்து அரங்குகளில் ரசிகர்கள் இந்த மெட்டைப் பாடுவதைக் கேட்கலாம். பளிச்சென்ற, துள்ளலான, கவலையே இல்லாத இசை.

அத்தனை பாடல்களிலும் பெரும்பகுதியை எழுதியவர் வின்ஸ் கிளார்க். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் குழுவை விட்டுப் போய்விட்டார்.

ஒருவர் போனால்

பாட்டு எழுதுபவரே போன பிறகு என்ன மிச்சம்? பலரும் கதை முடிந்தது என்றே நினைத்தார்கள். கிளார்க் அடுத்த ஆண்டே அலிசன் மொயேவுடன் ‘யாஸூ’ குழுவைத் தொடங்கி வெற்றி பெற்றார். பிறகு ‘இரேஷர்’ கண்டார்.

இந்தப் பக்கம், கூச்ச சுபாவமுள்ள மார்ட்டின் கோர் பேனாவை எடுத்தார். 1982இல் வந்த ‘எ புரோக்கன் ஃபிரேம்’ முழுக்க அவர் எழுதியது. நடை பழகும் குழந்தை போன்ற ஆல்பம்தான். ஆனால் பாட்டில் முதன்முறையாக ஒரு நிழல் விழுந்தது. அந்த நிழல்தான் பின்னாளில் இவர்களின் அடையாளமானது.

இதற்கிடையே, ஓர் இசை இதழில் ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். 21 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 22 வயது ஆலன் வில்டர் வயதைக் குறைத்துச் சொல்லி உள்ளே வந்தார். இசையை முறையாகப் பயின்றவர். ஒலியைச் செதுக்கும் பொறுமை உள்ளவர்.

1983இல் ‘கன்ஸ்ட்ரக்‌ஷன் டைம் அகெயின்’ ஆல்பத்துக்காக இவர்கள் கிழக்கு லண்டனில் கட்டுமானம் நடக்கும் இடங்களுக்குச் சுத்தியலோடு போனார்கள். குழாயைத் தட்டினார்கள், இரும்புத் தகட்டை அடித்தார்கள், எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். அந்த ஓசைகளை சாம்ப்ளர் கருவியில் ஏற்றினால், குழாய் எழுப்பிய ஓசையை விசைப்பலகையில் ச, ரி, க, ம என்று வாசிக்கலாம். அந்த ஆல்பத்தின் ‘பைப்லைன்’ பாடல் முழுவதும் இப்படிச் சேகரித்த ஓசைகளால் ஆனது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசிச் செயலியில் கண்ணாடிக் குவளையைத் தட்டிப் பாட்டுச் செய்கிறார்களே, அதேதான். அன்று அதற்கு ஒரு பெரிய கருவியும் ஒரு முழு ஸ்டூடியோவும் தேவைப்பட்டன. இறுதிக் கலவை வேலை பெர்லின் சுவருக்குப் பக்கத்திலிருந்த ஹன்சா ஸ்டூடியோவில் நடந்தது.

1984இல் ‘சம் கிரேட் ரிவார்ட்’. 1986இல் ‘பிளாக் செலிப்ரேஷன்’. அதில் வரும் ‘ஸ்ட்ரிப்ட்’ பாடலில், டேவ் கானின் கார் முடுக்கப்படும் ஓசைகூட இசையாகியிருக்கும். துள்ளல் போய், இருட்டும் பிரமாண்டமும் வந்துவிட்டன. 1987 ஆல்பத்துக்கு ‘மியூசிக் ஃபார் த மாஸஸ்’, அதாவது ‘வெகுமக்களுக்கான இசை’ என்று பெயர் வைத்தார்கள். கிண்டலாகத்தான் வைத்தார்கள். நம் இசை எங்கே வெகுமக்களுக்குப் போகப் போகிறது என்ற நினைப்பு.

கிண்டல் பலித்துவிட்டது. 1988 ஜூன் 18, அமெரிக்காவின் பாசடினா நகரில் ரோஸ் பௌல் அரங்கம். அந்தச் சுற்றுப்பயணத்தின் 101ஆவது, கடைசிக் கச்சேரி. 60,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

என் வேலை சும்மா இருப்பது

அந்தப் பயணத்தை ஆவணப்படமாக எடுத்தவர் டி.ஏ. பென்னிபேக்கர். பாப் டிலனைப் பற்றிய புகழ்பெற்ற ஆவணப்படத்தை அறுபதுகளில் எடுத்தவர். ‘101’ என்ற பெயரில் 1989இல் வெளியான இந்தப் படத்தில் ஓர் இடம் எனக்கு மறக்கவே மறக்காது.

குழுவில் யார் என்ன செய்கிறார்கள் என்று ஆண்டி ஃபிளெட்சர் விளக்குகிறார். மார்ட்டின் பாட்டு எழுதுபவர், ஆலன் நல்ல இசைக்கலைஞர், டேவ் பாடகர். அப்படியானால் நீங்கள்? சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற பொருள்படச் சொல்கிறார், முகத்தில் வெட்கமே இல்லாமல்.

முதல் தடவை பார்த்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். மேடையிலும் அவர் அப்படித்தான். விசைப்பலகைக்குப் பின்னால் நிற்பார், இடையிடையே சில சுரங்கள், பிறகு கையைத் தூக்கித் தட்டி ரசிகர்களையும் தட்ட வைப்பார். ஆல்பங்களில் அவர் வாசித்தது இது என்று காது பிடித்துச் சொல்வது கடினம். ஆனால் முறையான மேலாளர் இல்லாத காலத்தில் குழுவின் கணக்கு வழக்குகளைக் கவனித்தவர் அவர். கோருக்கும் கானுக்கும் இடையே பேச்சு நின்றுபோனால் நடுவில் நிற்பவரும் அவர்தான்.

ரோஜாவின் கதை

சித்தப்பாவின் கறுப்பு அட்டைக்கு வருவோம். 1990இல் வந்த ‘வயலேட்டர்’. ஃப்ளட் என்ற தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்தது.

அதன் முன்னோட்டமாக 1989இல் ‘பெர்சனல் ஜீசஸ்’ வந்தபோது கேட்டவர்கள் திகைத்தார்கள். கிட்டாரை ஓரம் கட்டியவர்களின் பாட்டு கிட்டாரில் தொடங்குகிறது! ‘தொம் தொம்’ என்று விழும் அந்தத் தாளம், கருவிகளை வைத்து எடுத்துச் செல்லும் பெட்டிகளின் மேல் ஆட்கள் ஏறி மிதித்துப் பதிவு செய்தது. 2002இல் ஜானி கேஷ் இதே பாட்டைத் தன் தளர்ந்த குரலில் பாடினார். சிந்தசைஸர் எதுவும் இல்லாமலே பாட்டு நின்றது. ஒரு பாட்டின் எலும்பு உறுதியாக இருந்தால் அதற்கு எந்தச் சட்டையும் பொருந்தும்.

‘என்ஜாய் த சைலன்ஸ்’ கதை இன்னும் சுவை. கோர் அதை முதலில் ஆர்மோனியமும் குரலுமாக, மெதுவான சோகப் பாட்டாகத்தான் பதிவு செய்து கொண்டுவந்தார். ஆலன் வில்டருக்கு வேறு யோசனை. இதை வேகமாக்கித் தாளம் போட்டால் என்ன என்றார். கோருக்குப் பிடிக்கவில்லை. மௌனத்தைப் பற்றிய பாட்டை ஆட்டம் போட வைப்பதா? வில்டரும் ஃப்ளட்டும் முயன்று பார்த்தார்கள். கோர் பிறகு அதற்கு ஒரு சின்ன கிட்டார் வரி வாசித்தார். அமெரிக்காவில் அந்தப் பாட்டு எட்டாம் இடத்துக்கு வந்தது. 1991இல் சிறந்த பிரிட்டிஷ் பாடலுக்கான பிரிட் விருதும் கிடைத்தது.

ஆல்பம் வெளியான 1990 மார்ச் மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகர இசைத்தட்டுக் கடை ஒன்றில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார்கள். பல ஆயிரம் பேர் திரண்டுவிட, காவல்துறை வந்து நிகழ்ச்சியையே நிறுத்த வேண்டியதாயிற்று.

உடைந்த நாள்கள்

உச்சிக்குப் போனால் அடுத்தது இறக்கம். 1993 ஆல்பமான ‘சாங்ஸ் ஆஃப் ஃபெய்த் அண்ட் டிவோஷன்’ பதிவுக்காக மத்ரித் அருகே ஒரு மாளிகையை வாடகைக்கு எடுத்து ஒன்றாகத் தங்கினார்கள். ஒரே வீட்டில் இருந்ததே சங்கடமாகிவிட்டது. ஆனால் இசை? வில்டர் உண்மையான டிரம்ஸ் வாசித்தார். தேவாலயப் பாணிப் பாடகிகளின் குரல்கள் வந்தன. பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் முதலிடம்.

அடுத்து வந்த நீண்ட சுற்றுப்பயணம் எல்லாரையும் பிழிந்துவிட்டது. ஃபிளெட்சர் 1994இல் பாதியிலேயே வீடு திரும்பினார். 1995 ஜூன் மாதம் வில்டர் விலகினார். வேலைப் பளு சமமாகப் பங்கிடப்படவில்லை, செய்த உழைப்புக்கு அங்கீகாரம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். அதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஸ்டூடியோவில் இரவு பகலாக உட்கார்ந்தவர் அவர். உழைக்கும் ஒருவரைக் கவனிக்காமல் விடுவதும் ஒரு குழு செய்யக்கூடிய பெரிய தவறுதான்.

டேவ் கான் போதைப் பழக்கத்தில் மூழ்கியிருந்தார். 1996 மே மாதம் அவருடைய இதயம் சுமார் இரண்டு நிமிடம் நின்றே போனது. பிழைத்தார். சிகிச்சை எடுத்து மீண்டார். மறு ஆண்டு ‘அல்ட்ரா’ வந்தது. அதில் ‘சிஸ்டர் ஆஃப் நைட்’ பாடலைக் கேட்டுப் பாருங்கள். கான் உடல்நிலை மோசமாக இருந்தபோது பலமுறை பாடியதிலிருந்து நல்ல துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்த குரல் அது. அது தெரியாமல் கேட்டால் அழகான பாட்டு. தெரிந்து கேட்டால் தொண்டை அடைக்கும்.

அதற்குப் பிறகு மூன்று பேர்தான். 1993இலிருந்து 2017 வரை கணக்குப் பாருங்கள்: 1997, 2001, 2005, 2009, 2013, 2017. உலகக் கிண்ணம் போல நான்கு ஆண்டுக்கு ஓர் ஆல்பம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு மாற்றம். ‘எக்சைட்டர்’ மென்மையானது. ‘பிளேயிங் த ஏஞ்சல்’ ஆல்பத்தில் கான் முதன்முறையாகத் தன் பாடல்களையும் கொண்டுவந்தார். இருபது ஆண்டுக்கு மேலாகக் கோர்தான் எழுத்தாளர் என்றிருந்த வீட்டில் இது சின்ன விஷயமல்ல. அதே ஆல்பத்தில் உள்ள ‘பிரெஷஸ்’ பாடலைக் கோர் தன் பிள்ளைகளை நினைத்து எழுதினார். பெற்றோரின் மணமுறிவுக்கு நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு தந்தை கேட்கும் மன்னிப்பு என்றே அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

2020இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் இவர்களைச் சேர்த்தபோது ஐந்து பெயர்களும் இருந்தன. விலகிய கிளார்க், விலகிய வில்டர் உட்பட.

மீதி இரண்டு பேர்

2022 மே 26. ஆண்டி ஃபிளெட்சர் திடீரெனக் காலமானார். வயது 60.

புதிய ஆல்பத்தின் வேலை தொடங்கவிருந்த நேரம். அதற்கு வைத்திருந்த பெயர் ‘மெமெண்டோ மோரி’. ‘ஒருநாள் இறப்பாய், மறவாதே’ என்று பொருள்படும் லத்தீன் தொடர். அவர் உயிரோடு இருந்தபோதே முடிவான பெயர் அது.

பாட்டு எழுதியவர் போனபோது குழு நின்றது. ஒலியைச் செதுக்கியவர் போனபோதும் நின்றது. இப்போது போனவரோ சும்மா இருந்தவர். கணக்குப்படி இசைக்கு இழப்பு எதுவும் இருக்கக் கூடாது. ஆனால் தொடரலாமா என்ற கேள்வி இப்போதுதான் கனமாக எழுந்தது. நாற்பது ஆண்டுகளாக நடுவில் ஒருவர் நின்றதால், கோரும் கானும் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசிப் பழகவே இல்லை. இனி பேசித்தான் ஆக வேண்டும். அப்படிப் பேசத் தொடங்கியதால் நெருங்கிவந்ததாக இருவரும் பின்னர் பேட்டிகளில் சொன்னார்கள்.

2023 மார்ச் மாதம் ‘மெமெண்டோ மோரி’ வெளிவந்தது. ‘கோஸ்ட்ஸ் அகெயின்’ பாடலின் காணொலியைப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் இரண்டு வயதான மனிதர்கள் எதிரெதிரே உட்கார்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். நடுவில் யாரும் இல்லை. மெட்டு என்னவோ 1981ஐ நினைவூட்டும் அளவுக்கு இலேசாக மிதக்கிறது. துயரமான விஷயத்தை இவ்வளவு வெளிச்சமாகச் சொல்ல அவர்களுக்கு நாற்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

அந்தச் சுற்றுப்பயணத்தில் ‘வேர்ல்ட் இன் மை ஐஸ்’ பாடலை ஃபிளெட்சருக்குக் காணிக்கையாக்கினார்கள். அவருக்கு மிகவும் பிடித்த பாட்டு. பின்னால் பெரிய திரையில் அவர் முகம்.

அண்ணனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். ஊடகப் பட்டத்தோடு வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் கேட்டேன்: “இந்த நிகழ்ச்சியில் அண்ணனுடைய வேலை சரியாக என்ன?” ஒலிவாங்கி முன் அவர் உட்காருவதில்லை. ஒலிப்பதிவைத் தொகுப்பதும் இல்லை. ஐந்தரை மணிக்கு வருவார். “சாப்பிட்டாச்சா?” என்று ஒவ்வொருவரையும் கேட்பார். எங்களில் யாராவது முறைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு நேரமாகக் கீழே மாமாக் கடைக்கு அழைத்துப்போய் தே தாரிக் வாங்கித் தருவார்.

அன்று அவர் கோபப்படவில்லை. “நானா? சும்மாதான் இருக்கேன்மா” என்று சிரித்தார்.

அவர் ஓய்வு பெற்ற மூன்றாம் வாரம், எனக்கும் என்னோடு நிகழ்ச்சி படைப்பவருக்கும் ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை. எட்டு நாள் பேசவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் சிரிப்பு, அணைந்தால் ஆளுக்கொரு கைப்பேசி. யாரும் எங்களைத் தேநீருக்கு அழைக்கவில்லை. அழைக்க ஆளே இல்லை என்பது எட்டாம் நாள்தான் உறைத்தது. “வா, கீழே போகலாம்” என்று நானே கூப்பிட்டேன்.

மறுநாள் அண்ணனை அழைத்தேன். அன்று அப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“என்னம்மா, ரெண்டு பேரும் பேசிட்டீங்களா?”

“உங்களுக்கு எப்படி அண்ணே தெரியும்?”

“ரேடியோ கேட்டேன். ஒரு வாரமா சிரிச்சீங்க, ஆனா அது சிரிப்பா இல்ல. இன்னிக்குத்தான் சிரிப்பா இருந்துச்சு.”

*இந்த வாரம் கேட்டுப் பாருங்கள், இதே வரிசையில்:* ‘ஜஸ்ட் காண்ட் கெட் இனஃப்’ (1981), ‘எவ்ரிதிங் கவுண்ட்ஸ்’ (1983), ‘ஸ்ட்ரிப்ட்’ (1986), ‘என்ஜாய் த சைலன்ஸ்’ (1990), ‘பிரெஷஸ்’ (2005), ‘கோஸ்ட்ஸ் அகெயின்’ (2023). அரை மணி நேரம்கூட ஆகாது. வீட்டில் எண்பதுகளின் இளைஞர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.